ஆர்.சி. கார் பாடியில் துளையிட எந்தக் கருவி? ரீமர், ஸ்டெப் டிரில், பஞ்ச், டிரில் பிட்: ஓர் ஒப்பீடு

ரிமோட்டில் ஓடும் ஆர்.சி. காருக்குப் புதிதாக வாங்கிய பாடியை, அதாவது மேற்கூட்டை, சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தின் மேல் பொருத்துவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளில் மிகச் சிறியது துளையிடுவது. மிக எளிதில் கெட்டுப்போவதும் அதுதான். வண்ணம் சரியாக விழாவிட்டால் அது தோற்றக் குறையோடு நின்றுவிடும். சக்கர வளைவின் ஓரம் கோணலாக வெட்டுப்பட்டால் உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் பாடி போஸ்ட் (சேசிஸிலிருந்து நிமிர்ந்து நின்று பாடியைத் தாங்கும் குச்சி) நுழையும் துளையின் விளிம்பில் ஒரு சிறு கீறல் இருந்துவிட்டால், காரைக் கொஞ்ச நாள் ஓட்டிய பிறகு அந்தக் கீறலிலிருந்தே பானெட் பிளக்கத் தொடங்கும். சேலத்தில் நம்மில் பெரும்பாலோர் ஓட்டுவது செம்மண் மைதானங்களிலும் காலி மனைகளிலும்தான். ஏற்காட்டுக்கு எடுத்துச் சென்றால் காப்பித் தோட்டத்து ஒற்றையடிப் பாதைகளிலும், சேர்வராயன் மலைக்கே உரிய கடினமான சார்னோக்கைட் பாறைகளின் மேலும் ஓட்டுகிறோம். அத்தகைய நிலத்தில் கார் அடிக்கடி குப்புற விழும். விழும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ச்சி போஸ்ட்கள் வழியாகத் துளைகளைச் சுற்றியே இறங்கும்.

துளையிடுவதற்குப் பலர் பலவற்றைக் கையாள்கிறார்கள்: கத்தி முனை, சூடாக்கிய சால்டரிங் அயர்ன், சாதாரண டிரில் பிட், வாஷர் வெட்டும் பஞ்ச், கூம்பு வடிவ ரீமர், படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓரிரண்டு பாடிகளுக்கு மட்டும் துளையிடப் போகிறவர் கையால் சுழற்றும் ரீமர் ஒன்றை வாங்கினால் போதும். வேறு எதுவும் தேவையில்லை. நண்பர்களுக்கும் சேர்த்து அடிக்கடி பாடி தயார் செய்கிறவர் ஸ்டெப் டிரிலையும் அதனுடன் சேர்த்துக்கொள்ளலாம். மற்றவை எல்லாம் ஏதோ ஒரு நிபந்தனையுடன் மட்டுமே பொருந்துபவை. இந்த முடிவுக்கு அடிப்படை கருவியின் விலை அன்று. துளை கொஞ்சம் கொஞ்சமாக வளரும்போது, வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளும் உரிமையை எந்தக் கருவி நம் கையில் விடுகிறது என்பதே நான் பார்க்கும் அளவுகோல். சிறிய துளையைப் பெரிதாக்க வழி உண்டு. பெரிதாகிவிட்டதைச் சிறிதாக்க வழி இல்லை.

முதலில் பொருளைப் பற்றிக் கொஞ்சம். லெக்ஸான் என்று நாம் பொதுவாகச் சொல்லும் பாடிகள், பாலிகார்பனேட் தகட்டைச் சூடாக்கி, அச்சின் மேல் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து வடிவமைக்கப்பட்டவை. 1953-இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் டேனியல் ஃபாக்ஸும் ஒருவரையொருவர் அறியாமல் கண்டறிந்த பிளாஸ்டிக் இது. லெக்ஸான் என்பது ஜெனரல் எலெக்ட்ரிக் அதற்குச் சூட்டிய வணிகப் பெயர். அடித்தால் நொறுங்காமல் வளைந்து கொடுப்பது இதன் பெருமை. ஆனால் கூரிய வெட்டு ஒன்று ஏற்கெனவே இருக்கும் இடத்தில் இந்தப் பெருமை வெகுவாகக் குறைந்துவிடுகிறது; வளைய வேண்டிய தகடு அந்த வெட்டிலிருந்து கிழிகிறது. 1/10 அளவு (அசல் காரில் பத்தில் ஒரு பங்கு) பாடிகளின் தகடு பெரும்பாலும் 0.75 மி.மீ. முதல் 1 மி.மீ. வரை தடிமன் கொண்டது. பந்தயத்துக்கான இலகு வகைகளில் 0.5 மி.மீ. வரைகூட மெலிந்திருக்கும். அதிலும் பாடி முழுவதும் ஒரே தடிமன் இருப்பதில்லை. அச்சின் மேல் அதிகம் இழுபட்ட இடங்கள், அதாவது சக்கர வளைவுகளும் பம்பர் மூலைகளும், கூரையைவிட மெலிந்திருக்கும். துளையிடப் போகும் இடத்தை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தாலே அங்கே தகடு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். மெலிந்த இடத்தில் எந்தக் கருவியும் எதிர்பார்த்ததைவிட விரைவாக உள்ளே பாயும்.

நல்ல துளைக்கு விளிம்பே முக்கியம். இழுவிசைக்கு உட்பட்ட அகன்ற தகடு ஒன்றில் வட்டமான துளை இருந்தால், துளையின் ஓரத்தில் அழுத்தம் மற்ற இடத்தைப்போல் மூன்று மடங்காகும் என்பதை 1898-இல் கிர்ஷ் என்ற ஜெர்மானியப் பொறியாளர் கணக்கிட்டுக் காட்டினார். பழுதற்ற வட்டத்துக்கே மூன்று மடங்கு என்றால், அந்த வட்டத்தின் ஓரத்தில் கூரான கீறல் ஒன்றும் சேர்ந்துகொள்ளும்போது அதன் நுனியில் அழுத்தம் இன்னும் பல மடங்கு ஏறும். ஆகவே துளை கொஞ்சம் நீள்வட்டமாக இருப்பதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. விளிம்பில் பிசிறும் கீறலும் இல்லாதிருப்பதைப் பற்றியே கவலைப்படுகிறேன். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கொலுசின் பற்றவைப்பைச் சோதிக்கக் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் சிறு லென்ஸ் ஒன்று கிடைத்தால், நீங்கள் இட்ட துளையை அதன் வழியே ஒருமுறை பாருங்கள். வெறும் கண்ணுக்கு மழமழவென்று தெரியும் விளிம்பில், கருவி நின்று நின்று திரும்பிய இடங்களில் மயிரிழைக் கோடுகள் உள்நோக்கி ஓடுவது தெரியும். பிளவு தொடங்கப்போகும் இடங்கள் அவைதான்.

இந்த அளவுகோலில் முதலில் கழித்துவிட வேண்டியவை கத்தியும் கத்தரிக்கோலும். கத்தி முனையைக் குத்தித் திருகினால் வட்டம் வரலாம். ஆனால் குத்திய இடத்தில் கத்தியின் அலகு அகலத்துக்கு இரண்டு பக்கமும் வெட்டு விழுந்திருக்கும். அந்த வெட்டு முழுவதும் பிறகு அகற்றப்படும் அளவுக்குத் துளை பெரிதாக இருந்தாலன்றி அது உள்ளேயே தங்கிவிடும். சால்டரிங் அயர்ன் இன்னும் மோசம். பாலிகார்பனேட் ஏறத்தாழ 147 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். சால்டரிங் முனையோ 300 டிகிரியைத் தாண்டியே இருக்கும். துளை நொடியில் விழுந்துவிடும், ஓரத்தில் தடித்த வளையம் ஒன்றும் உருகி உறையும். அந்த வளையம் துளைக்குப் பலம் சேர்க்கிறது என்று சிலர் நம்புகிறார்கள். உண்மையில் உருகி விரைவாக ஆறிய அந்தப் பகுதி, சுற்றியுள்ள தகட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டே இறுகுகிறது. எந்த அடியும் படாதபோதே அங்கே அழுத்தம் தேங்கியிருக்கிறது. பாலிகார்பனேட் காற்றிலிருந்து சிறிது ஈரத்தையும் உறிஞ்சி வைத்திருக்கும் இயல்புடையது என்பதால், அவ்வளவு சூட்டில் விளிம்பில் நுண்குமிழ்களும் கிளம்பும். புகையும் மூச்சுக்கு நல்லதன்று. சிறு கைக் கிரைண்டரில் பொருத்தும் அரைக்கல்லுக்கும் ஏறக்குறைய இதே குறை உண்டு: வேகம் கூடினால் வெட்டுவதற்குப் பதிலாக உருக்கிவிடும். சக்கர வளைவை அகலப்படுத்த அது உதவும். போஸ்ட் துளைக்கு வேண்டாம்.

சாதாரண டிரில் பிட் எல்லார் வீட்டிலும் இருப்பது என்பதால் அதைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். உலோகத்துக்கென்று செய்யப்பட்ட பிட்டின் முனை 118 டிகிரிக் கோணத்தில் கூம்பாக இருக்கும். தடித்த இரும்பில் அந்தக் கூம்பு முழுவதும் உள்ளே புதைந்து, பிட்டின் பக்கங்கள் துளைச் சுவரைத் தொட்டு, பிட் நேராக நிற்கும். 1 மி.மீ. தகட்டில் நடப்பது வேறு. 6 மி.மீ. பிட்டின் கூம்பு மட்டுமே ஏறத்தாழ 1.8 மி.மீ. உயரம் உள்ளது, ஆகவே முழு அகலம் தகட்டைத் தொடுவதற்கு முன்பே முனை அந்தப் பக்கம் வெளியே வந்துவிடுகிறது. பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாத பிட் அலைந்து, வட்டத்துக்குப் பதிலாக முக்கோணச் சாயலில் ஒரு துளையைத் தோண்டுகிறது. அதோடு நில்லாமல், பிட்டின் முறுக்கு தகட்டைக் கவ்வி மேலே இழுக்கும். கையில் பிடித்திருக்கும் பாடி திடீரென்று ஏறி, விளிம்பில் அரை வட்டமாக ஒரு பிளவு விழும். 6 மி.மீ. பிட்டை நேரடியாக எடுத்து வைத்தவர்களில் பெரும்பாலோர் கண்டது இதுதான்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. பாடிக்கு அடியில் மென்மரத் துண்டு ஒன்றை இறுக்கமாக வைத்து, மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, மிகக் குறைந்த வேகத்தில், 2 மி.மீ., 3 மி.மீ., 4 மி.மீ. என்று பிட்டை மாற்றி மாற்றிப் போனால் துளை ஓரளவு நன்றாகவே வரும். மரத்துக்கான, நடுவில் ஊசி முனையும் ஓரத்தில் வெட்டுமுனைகளும் உள்ள பிட் இன்னும் நல்லது. அது வெளி வட்டத்தை முதலில் அறுத்துவிடுவதால் கவ்வுவது குறைவு. ஆனாலும் பாடியின் உள்வளைவுக்குப் பொருந்தும் மரத்துண்டைத் தேடுவதே ஒரு வேலை. டிரில் பிட்டுக்கு இந்த வேலையில் ஒரே ஒரு நிலையான இடம் உண்டு என்பது என் கருத்து: 1.5 மி.மீ. அல்லது 2 மி.மீ. பிட்டைப் பின் வைஸ் எனப்படும், விரலால் சுழற்றும் சிறு பிடியில் மாட்டி, முதல் வழித்துளையை இடுவது. அந்த அளவில் கவ்வும் ஆபத்து மிகக் குறைவு, மையமும் நகராது. பின் வைஸும் ஊசி அரங்களும் வெள்ளி வேலைக்காரர்கள் நாள்தோறும் புழங்கும் சாமான்கள். ஆகவே கொலுசுத் தொழில் நிறைந்த நம் ஊரில் இவற்றை இணையத்தில் வரவழைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

வாஷர் வெட்டும் பஞ்ச், அதாவது நடுவில் குழலாக உள்ள உளி, பலர் எண்ணிப் பார்க்காத ஒரு தேர்வு. கூர் மழுங்காத 6 மி.மீ. அல்லது 7 மி.மீ. பஞ்சை வைத்து, அடியில் கடின மரத்துண்டின் குறுக்குவெட்டு முகத்தைக் கொடுத்து, சுத்தியலால் ஒரே அடி அடித்தால் மிகத் தூய வட்டம் கிடைக்கும். பிசிறும் அனேகமாக இருக்காது. தட்டையான கூரையில் துளையிடுவதற்கு இதைவிட விரைவான வழி இல்லை. ஆனால் அளவு முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது, 6.5 மி.மீ. வேண்டுமென்றால் அந்த அளவில் பஞ்ச் கிடைக்க வேண்டும். வளைந்த பானெட்டின் அடியில் மரம் முழுவதும் படியாவிட்டால், அடி விழும்போது தகடு ஒரு பக்கம் தொங்கி, வட்டத்தின் பாதி வெட்டுப்பட்டும் மீதி கிழிந்தும் போகும். வண்ணம் அடித்து முடித்த பாடியில் பஞ்ச் வேண்டவே வேண்டாம். அடியின் அதிர்ச்சியில், பாடியின் உட்புறத்தில் அடித்த வண்ணம் துளையைச் சுற்றிப் பெயர்ந்துவிடும். தோல் பெல்ட்டுக்குத் துளையிடும் இடுக்கி வகைப் பஞ்ச், ஓரத்திலிருந்து சில சென்டிமீட்டருக்கு மேல் எட்டாது என்பதால் பானெட்டின் நடுவுக்கு அது பயன்படாது.

இனி ரீமர். ஊசி முனையில் தொடங்கிப் படிப்படியாக அகலும் கூம்பு, அதன் பக்கங்களில் நேரான வெட்டுவாய்கள், பின்னால் ஒரு கைப்பிடி: அமைப்பு இவ்வளவுதான். டாமியா முதலிய நிறுவனங்கள் ஆர்.சி. பாடிக்கென்றே இதைத் தயாரிக்கின்றன. பெயர் தெரியாத தயாரிப்புகள் சில நூறு ரூபாயில் கிடைக்கின்றன. எலெக்ட்ரிக்கல் பெட்டிகளில் துளையை அகலப்படுத்த விற்கும், டி வடிவப் பிடி கொண்ட கூம்பு ரீமரும் ஹார்டுவேர் கடைகளில் உண்டு. அதன் நுனி மொட்டையாக இருப்பதால் முதலில் 3 அல்லது 4 மி.மீ. வழித்துளை இட்டுக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர வேறு குறையில்லை.

ரீமரைப் பற்றி எழும் முதல் ஐயம், கூம்பான கருவி கூம்பான துளையைத்தானே தரும் என்பது. கணக்குப் பார்த்தால் இது பொருட்டே அல்ல. 70 மி.மீ. நீளத்தில் 14 மி.மீ. அகலத்தை எட்டும் ரீமர் ஒன்றை எடுத்துக்கொண்டால், 1 மி.மீ. தடிமனுள்ள தகட்டில் துளையின் மேல்வாய்க்கும் கீழ்வாய்க்கும் உள்ள வேறுபாடு வெறும் 0.2 மி.மீ. மட்டுமே. இதே கணக்கின் மறுபக்கம்தான் ரீமரின் உண்மையான பலம்: கருவி 1 மி.மீ. ஆழம் இறங்கினால் துளை 0.2 மி.மீ. மட்டுமே அகலும். அரைச் சுற்று சுழற்றுவது, எடுத்துப் பார்ப்பது, போஸ்ட்டில் மாட்டிப் பார்ப்பது, மறுபடி அரைச் சுற்று என்று போகும்போது, தேவைக்கு மேல் பெரிதாகிவிட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை.

நான் கையாளும் முறையைச் சொல்கிறேன். போஸ்ட்டின் விட்டத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்துகொள்கிறேன். 1/10 கார்களில் அது பெரும்பாலும் 6 மி.மீ. அளவில் இருக்கும், ஆனால் போஸ்ட்டுக்குப் போஸ்ட் மாறும் என்பதால் அளக்காமல் இறங்கக் கூடாது. அந்த அளவுடன் அரை மி.மீ. முதல் 1 மி.மீ. வரை கூட்டினால் துளையின் அளவு. பிறகு ரீமரின் கூம்பில் அந்த விட்டம் வரும் இடத்தை வெர்னியரின் வாயாலேயே கண்டுபிடித்து, அதற்கு மேலே மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று சுற்று சுற்றிவிடுகிறேன். டேப்பின் விளிம்பு தகட்டைத் தொட்டதும் வேலை முடிந்தது என்று பொருள். நான்கு துளைகளும் ஒரே அளவில் அமைகின்றன. பாடியின் வெளிப்புறத்தில் நிறுவனம் ஒட்டி அனுப்பும் பாதுகாப்புப் படலத்தை எடுக்காமல், அதன் மேலிருந்தே துளையிட வேண்டும். ரீமர் நழுவினாலும் கீறல் படலத்தோடு போய்விடும். வலஞ்சுழியாக மட்டும் சுழற்றி, அழுத்தத்தைக் குறைத்துச் சுற்றைக் கூட்டினால், தேங்காய்த் துருவலாக மெல்லிய சீவல் உதிரும். சீவல் வராமல் தகடு மட்டும் உள்வாங்குகிறது என்றால், வெட்டுவாய் மழுங்கிவிட்டது அல்லது நீங்கள் அழுத்துகிறீர்கள்.

ரீமருக்கு இருக்கும் உண்மையான குறை, அழுத்தி வேகமாகச் சுழற்றினால் துளை வட்டமாக அமையாமல் பல கோணமாகிவிடுவது. வெட்டுவாய்கள் ஒவ்வொன்றும் தகட்டில் சிக்கிச் சிக்கி விடுபடும்போது, முன்பு சொன்ன மயிரிழைக் கோடுகள் அந்த மூலைகளில்தான் பிறக்கின்றன. கடைசி அரை மி.மீ. வரும்போது பாடியைத் திருப்பி, உட்புறத்திலிருந்து மிக மெதுவாக இரண்டு சுற்று சுழற்றினால் மூலைகள் மழுங்கிவிடும். ரீமரை டிரில் இயந்திரத்தில் மாட்டி ஓட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அது கையின் நிதானத்துக்கென்று அமைந்த கருவி.

ஸ்டெப் டிரில் இந்தக் கோணப் பிரச்சினையை இயல்பிலேயே தவிர்க்கிறது. ஒவ்வொரு படியும் உருளையாக இருப்பதாலும், படியின் உயரம் தகட்டின் தடிமனைவிடப் பல மடங்கு அதிகமாக இருப்பதாலும், துளை எப்போதும் நேர்ச்சுவரோடு வட்டமாகவே அமையும். அதன் வெட்டுவாய் நேராக இருப்பதால், முறுக்கு பிட்டைப்போல் தகட்டைக் கவ்வி இழுக்காமல் சுரண்டியே வெட்டும். வேண்டிய அளவை அடைந்த பிறகு, அடுத்த படியின் தொடக்கத்தை விளிம்பில் இலேசாகத் தொட வைத்தால் பிசிறும் நீங்கிவிடும். விளிம்பின் தூய்மையை மட்டும் பார்த்தால் ரீமரைவிட ஸ்டெப் டிரிலே ஒரு படி மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்படியிருந்தும் அதை இரண்டாம் இடத்தில் வைப்பதற்குக் காரணம் அளவுதான். நம் ஹார்டுவேர் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஸ்டெப் டிரில்கள் 4 முதல் 12, 4 முதல் 20, 4 முதல் 32 மி.மீ. வரையிலானவை, அவற்றில் படிகள் பெரும்பாலும் 2 மி.மீ. இடைவெளியில் அமைந்திருக்கும். 6 மி.மீ. போஸ்ட்டுக்கு 6 மி.மீ. துளை இறுக்கம், பாடியைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் விளிம்பு உரசும். 8 மி.மீ. துளையோ தளர்வு, பாடி போஸ்ட்டின் மேல் ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டமே துளையை நாளடைவில் தின்றுவிடும். 1 மி.மீ. இடைவெளியில் படிகள் உள்ள வகையும் தயாராகிறது. தேடி வாங்குவதானால் அதையே வாங்க வேண்டும். இல்லாவிட்டால் 6 மி.மீ. படி வரை ஸ்டெப் டிரிலில் போய், மீதி அரை மி.மீ.யை ரீமரில் முடிப்பது நல்ல வழி. இரண்டையும் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்.

இன்னொரு எச்சரிக்கை. மெல்லிய தகட்டில் ஸ்டெப் டிரில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் இறங்கிவிடும். கார்ட்லெஸ் டிரிலில் மாட்டினால் மிகக் குறைந்த வேகத்தில், இயந்திரத்தின் எடை பாடியின் மேல் விழாதபடி தாங்கிப் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும். அதைவிடப் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. பல ஸ்டெப் டிரில்களின் தண்டு கால் அங்குல அறுகோண வடிவில் இருக்கும். முனையை மாற்றிக்கொள்ளும் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியில் அது நேராகப் பொருந்தும். கையாலேயே சுழற்றினால் ஒரு துளைக்கு இரண்டு நிமிடம் ஆகலாம், ஆனால் நிறுத்த நினைக்கும் இடத்தில் கருவி நிற்கும்.

ரீமருக்குச் சாதகமான இன்னொரு காரணம் சரிவு. பிக்கப், ஜீப் வகைப் பாடிகளில் பானெட் ஏறக்குறைய தட்டையாக இருக்கும். பந்தயக் கார், பக்கி (மண் தடக் கார்) வகைகளில் முன் துளைகள் நன்றாகச் சரிந்த இடத்தில் வரும். நேராக நிற்கும் போஸ்ட் சரிந்த தகட்டின் வழியே போக வேண்டுமானால், வட்டத் துளை போதாது. சரிவின் திசையில் நீண்ட துளை வேண்டும். 30 டிகிரிச் சரிவில் 6 மி.மீ. போஸ்ட்டுக்குத் தகட்டின் மேல் 6.9 மி.மீ. நீளம் தேவைப்படும், அதற்கு மேல்தான் தளர்வைக் கூட்ட வேண்டும். இது தெரியாமல் தகட்டுக்குச் செங்குத்தாகக் கருவியைப் பிடித்துத் துளையிட்டு, போஸ்ட் நுழையவில்லை என்று துளையை எல்லாப் பக்கமும் அகலப்படுத்துகிறவர்கள் பலர். ஸ்டெப் டிரில் தகட்டுக்குச் செங்குத்தாக நின்றால்தான் ஒழுங்காக வெட்டும். ரீமரையோ போஸ்ட் நிற்கும் கோணத்திலேயே சாய்த்துப் பிடித்துச் சுழற்றலாம், வேண்டிய நீள்வட்டம் ஓரளவு தானாகவே அமையும். மீதியை எலிவால் அரத்தால் சரிவின் திசையில் மட்டும் இழுத்துவிட வேண்டும். சரிந்த பானெட் உள்ள பாடியை வைத்திருப்பவருக்கு இந்த ஒரு காரணமே ரீமரைத் தேர்ந்தெடுக்கப் போதும்.

எந்தக் கருவியானாலும், வண்ணம் அடிப்பதற்கு முன்பே துளையிட்டுவிடுவது நல்லது. பாடி நிறமற்று, கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும்போது சேசிஸின் மேல் வைத்து, சக்கரங்கள் வளைவின் நடுவில் வருகின்றனவா என்று பக்கவாட்டில் பார்த்து, போஸ்ட்டின் நுனி தெரியும் இடத்தில் மார்க்கரால் புள்ளி வைத்துவிடலாம். சில பாடிகளில் துளைக்கான குறி அச்சிலேயே வந்திருக்கும். வேறு சேசிஸில் பொருத்துவதானால் அதை நம்பக் கூடாது. துளைகளை வெளிப்புறத்தில் மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு உள்ளே வண்ணம் அடித்தால் வண்ணம் வெளியே கசியாது. ஏற்கெனவே வண்ணம் அடித்த பாடி கைக்கு வந்தால், போஸ்ட்களின் நுனியில் ஈரம் காயாத வண்ணத்தையோ உதட்டுச் சாயத்தையோ தடவி, பாடியை மெல்ல இறக்கி எடுத்தால் உட்புறத்தில் புள்ளி பதியும். அந்தப் புள்ளியில் உள்ளிருந்து வழித்துளை இட்டு, மீதி வேலையை வெளியிலிருந்து ரீமரால் செய்ய வேண்டும். வண்ணம் பெயராமல் இருக்க இந்த நிலையில் ரீமர் ஒன்றே சரியான தேர்வு.

துளையே இல்லாமல் காந்தத்தாலோ, வெல்க்ரோ பட்டையாலோ பாடியை நிறுத்துவதும் ஒரு வழிதான். காட்சிக்கு வைக்கும் காருக்கும், வழுவழுப்பான தளத்தில் காரைச் சறுக்கவிட்டு டிரிஃப்ட் ஓட்டுபவருக்கும் அது அழகான தீர்வு. ஏற்காட்டுப் பாறையில் உருளும், கிராலர் எனப்படும் பாறையேறும் காருக்கு அது பொருந்தாது. முதல் உருட்டலிலேயே பாடி ஒரு பக்கம், கார் ஒரு பக்கம் போகும். சேலத்து ஏப்ரல், மே வெயிலில் மூடிய காரின் பின்னிருக்கையில் கிடந்த பாடியில், வெல்க்ரோவின் பசை இளகி நகர்ந்திருப்பதையும் பார்க்கலாம். பாலிகார்பனேட்டுக்கு அந்த வெயில் ஒரு பொருட்டே இல்லை, பசைக்குத்தான் தாங்காது.

துளை முடிந்த பிறகு இரண்டு வேலைகள் மீதி இருக்கும். 400, பிறகு 800 எண் உப்புத்தாளைச் சிறு உருளையாகச் சுருட்டி, துளைக்குள் விட்டுச் சுழற்றி, விளிம்பின் கூர்மையை இரண்டு பக்கமும் போக்க வேண்டும். ரீமர் விட்டுச்சென்ற மயிரிழைக் கோடுகள் இதில்தான் மறைகின்றன, ஆகவே எவ்வளவு அவசரமானாலும் இதைத் தவிர்க்கலாகாது. அடுத்து, பாறையில் ஓட்டும் கார்களுக்கு, வண்ணம் காய்ந்த பிறகு துளையைச் சுற்றி உட்புறத்தில் கண்ணாடியிழை வலைத் துண்டு ஒன்றை, காய்ந்த பின்னும் வளையும் ரப்பர் தன்மையுள்ள பசையால் ஒட்டிவிடலாம். மார்க்கர் குறியை அழிக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலே போதும். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் ஆகியவற்றைப் பாலிகார்பனேட்டின் அருகிலேயே கொண்டுவரக் கூடாது. திருகு கழலாமல் இருக்கப் போடும் திரெட்லாக் திரவம்கூடத் துளை விளிம்பில் பட்டால், வெளிக்குத் தெரியாத நுண்பிளவுகளைக் கிளப்பிவிடும்.

கடினமான ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பாடி உள்ள கிராலர்களுக்கு இந்த ஒப்பீடு கொஞ்சம் மாறும். அந்தத் தகடு 2 மி.மீ. அளவுக்குத் தடிமனாகவும் விறைப்பாகவும் இருப்பதால் பஞ்ச் பொருந்தாது. அடித்தால் சுற்றிலும் வெளிறிப்போகும். அங்கே ஸ்டெப் டிரில் முதலிடம் பெறும், வழித்துளையோடு மெதுவாக ஓட்டும் டிரில் பிட்டும் நன்றாகவே வேலை செய்யும்.

கையில் உள்ள பாடியின் துளையில் ஏற்கெனவே பிளவு விழுந்திருந்தால், புதுப் பாடி வாங்குவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். பிளவு எங்கே முடிகிறது என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, சரியாக அந்த நுனியில் பின் வைஸால் 2 மி.மீ. துளை ஒன்றை இடுங்கள். கூரான நுனி வட்டமாகிவிடுவதால் பிளவு அதற்கு மேல் எளிதில் ஓடாது. பிறகு உட்புறத்தில் வலையும் பசையும் வைத்து, பழைய போஸ்ட் துளையை ரீமரால் ஒரு சுற்றுச் சீர்செய்துவிட்டு ஓட்டலாம். பிளவின் நுனியைத் தவறவிட்டு அதற்கு முன்னாலோ பக்கத்திலோ துளையிட்டால் பயனில்லை என்பதால், இந்த ஒரு துளைக்கு மட்டும் லென்ஸை முதலிலேயே கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும்.